கழுதை இருந்த இடத்தில் மயில்

நண்பனே,

உன்மீது எனக்குள்ள குறைகளை முதலில் பதிவு செய்கிறேன்.

1. மார்கழி முதல் நாள், விடியற்காலை: என் தந்தையின் குருத்தோலைக் கீர்த்தனையை உன் தெருப் பஜனைக் கோஷ்டி முருகன் பாட்டாகப் பாடிக்கொண்டு போனது. மெட்டு துளியும் மாறவில்லை.
2. அன்றே, சற்று நேரத்தில்: அதைக் கற்றுக்கொடுத்தவன் நீ என்று உன் மகன் சொன்னான்.
3. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு: சபையின் பாட்டுத் தொகுப்பில் அந்தக் கீர்த்தனைக்குக் கீழே என் தந்தையின் பெயரை அச்சிடலாமா என்று ஆயர் கேட்டார். ‘சரி’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்கும் நீயே காரணம்.

ஐப்பசியில் நீ இறந்துபோனதை நான்காவதாகச் சேர்க்க எண்ணினேன். அதில் உன்னைக் குற்றம் சாட்ட ஆதாரம் இல்லை.

காலை நடையை நான் நிறுத்தவில்லை. செவிலிமேட்டிலிருந்து கிளம்பினால் கால்கள் தாமாக உன் தெருவுக்குத் திரும்புகின்றன. அன்று பனியில் அந்த மெட்டு காதில் விழுந்த கணத்தில், ஒப்புக்கொள்கிறேன், மகிழ்ச்சிதான் வந்தது. குருத்தோலை ஞாயிற்றுப் பவனிக்கு வெட்டிய ஓலையின் பச்சை வாசம் வந்தது. கஞ்சி போட்ட வெள்ளை ஜிப்பாவில், கூட்டத்தை ஒரு கண்ணாலும் எங்களை மறு கண்ணாலும் பார்த்துக்கொண்டு முன்னே நடக்கும் அப்பா வந்தார். அவருக்குப் பின்னால், திருநீற்றை அழிக்காமலே ஓலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நீ. வருடந்தோறும் வந்தாய். “பாட்டுக்காகத்தான் வர்றேன், உங்க பிரசங்கத்துக்கு இல்லடா” என்பாய்.

பிறகுதான் சொற்கள் காதில் ஏறின. கழுதைமேல் அரசராக இயேசு வரும் இடத்தில் மயில்மேல் முருகன் வந்துகொண்டிருந்தான்.

கோஷ்டியை நிறுத்தினேன். உன் மகன்தான் முன்னால் நின்றான்.

“வாங்க மாமா. இன்னா இவ்ளோ காலையில?”

“இந்தப் பாட்டு யாருதுப்பா?”

“அப்பா சொல்லிக் குடுத்தது மாமா. அவங்க தாத்தா காலத்துலேருந்தே வீட்ல பாடிக்கினு இருக்குறதுன்னு சொல்வாரு.”

“இது எங்க சர்ச் பாட்டு. எங்க அப்பா கட்டினது.”

ஜால்ராக்காரர் சிரித்துவிட்டார். “அட, நம்ம மெட்டத் தூக்கிக்கினு போனது நீங்கதானா சார்! மயில எறக்கிட்டுக் கழுதைய ஏத்திக்கினீங்களா?”

கோஷ்டியே சிரித்தது. உன் மகன் மட்டும் சிரிக்கவில்லை. “சும்மா இருங்கண்ணே, அவரு அப்பாவோட சிநேகிதரு” என்று அதட்டினான். அந்த மரியாதைதான் என்னை அதிகமாக எரித்தது.

என் தந்தை கூரத்துக்கும் திருப்புட்குழிக்கும் சைக்கிளில் போய் ஜெபக்கூட்டம் நடத்திய உபதேசியார். நிலமோ வீடோ தறியோ அவர் விட்டுச்செல்லவில்லை. எங்களுக்கென்று இருந்தது அந்த ஒரு கீர்த்தனை. உன் வீட்டில் தறிகள் இருந்தன, கோயிலில் பரம்பரை மரியாதை இருந்தது. இதையுமா எடுத்துக்கொண்டாய் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வீடு திரும்பினேன்.

வீட்டில் உட்கார்ந்து அதை மெதுவாகப் பாடிப் பார்த்தேன். பாடியிருக்கக் கூடாது.

எங்கள் சபையில் ‘கழுதை’ என்ற சொல் வரும்போது பிள்ளைகள் ஆண்டுதோறும் தடுக்கி விழுவார்கள். மெட்டு அங்கே குறுகிப்போகும். சொல்லைத் திணித்துத்தான் நுழைக்க வேண்டும். சிரிப்பு வெடிக்கும், அப்பா திரும்பி முறைப்பார். ‘மயில்’ அதே இடத்தில் அலுங்காமல் உட்காருகிறது.

பவனியில் நீ ஒருமுறைகூடத் தடுக்கியதில்லை. உனக்குச் சங்கீத ஞானம் என்று நான் பொறாமைப்பட்டேன். இப்போது கேட்கிறேன்: என் தோளை உரசிக்கொண்டு நீ அந்த இடத்தில் எதைப் பாடினாய்?

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. உபதேசியாராவதற்கு முன் என் தந்தை உங்கள் வீட்டில் பட்டுநூல் சுற்றும் வேலையில் இருந்தவர். கூடத்துக்குள் அவருக்கு அனுமதி இல்லை. பின்கட்டில் உட்கார்ந்து சுற்றுவார். கூடத்தில் உன் தாத்தா பாடியது பின்கட்டுவரை கேட்டிருக்கும். பின்கட்டில் என் தந்தை முனகியதும் கூடத்துக்குக் கேட்டிருக்கும். சுவருக்கு எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு அது போனது? உனக்குத் தெரிந்திருந்தது என்றே சந்தேகிக்கிறேன். எத்தனையோ காலை நடைகளில் அப்பாவின் கீர்த்தனையைப் பற்றி நான் பெருமை பேசினேன். நீ ஒவ்வொரு முறையும் “நல்ல பாட்டுடா” என்றாய். யாருடைய பாட்டு என்று சொன்னதில்லை. என்மேல் இரக்கமா, உன் வீட்டின் வெட்கமா?

எதுவென்று தெரியாமலே அந்தப் பாட்டை இன்னும் பாடிக்கொண்டிருக்கிறேன். பாடம் நடத்தக் கல்லூரிக்குப் போகும் பேருந்தில், குளியலறையில், என்னை அறியாமல். கழுதையை எட்டும்போது மட்டும் வாயை மூடிக்கொள்கிறேன்.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை மாலை, பாடற்குழுப் பயிற்சி தொடங்கும் முன் ஆயருக்கு நான் விடை சொல்லியாக வேண்டும். அதற்குள் உன் பதில் வராவிட்டால் என் தந்தையின் பெயரைப் போடச் சொல்வேன், பக்கத்திலேயே உன் தாத்தாவின் பெயரையும். எடுத்தவர் யார், கொடுத்தவர் யார் என்று இரண்டு தெருக்களும் அடித்துக்கொள்ளட்டும்.

மறுப்பு இருந்தால் எழுத்தில் வர வேண்டும். வாய்மொழியாக எதையும் ஏற்க மாட்டேன். நீ பாடிக் காட்டினால் நம்பிவிடுவேன்.