இரண்டாவது ஆள்

கள்ளக்குறிச்சி

மகள் ஆபிதாவுக்கு அம்மா ஜுலைகாவின் ஸலாம். அல்லாஹ் கிருபையில் இங்கே எல்லோரும் சுகம், உன் அத்தாவின் சர்க்கரையைத் தவிர, அது அவர் வாயைப் போலவே அடங்க மாட்டேன் என்கிறது. நீ அங்கே சுகம் என்று போனில் சொன்னதை நான் நம்பவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். அந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலையை விடப் போவதாக அத்தாவிடம் சொன்னாயாம். சாகக் கிடப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து ஓத, பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு ஆறுதல் சொல்ல, இறந்த குழந்தையைக் குளிப்பாட்ட, அத்தனை பெரிய ஆஸ்பத்திரிக்கு முஸ்லிம் என்று நீ ஒருத்தி. தாங்கவில்லை என்று மேலாளரிடம் சொன்னால் மூச்சை இழுத்து விடச் சொல்லி வீடியோ அனுப்புகிறாராம். அந்த ஊர்ப் பள்ளிவாசல்காரர்களோ பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்கிறார்களாம். நல்ல ஜோடி. அல்லாஹ் மேல் உள்ள ஈமான் குறைந்துவிட்டதோ என்று புலம்பினாயாமே, மண்ணாங்கட்டி. ஈமானுக்கு ஒன்றும் ஆகவில்லை, உனக்குத் துணைக்கு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இந்த ஊரில் இறந்த பெண்களின் மையத்தைக் குளிப்பாட்டுகிற எங்களைப் பார். ஒருத்தி தண்ணீர் ஊற்ற, ஒருத்தி மறைப்புத் துணி பிடிக்க, ஒருத்தி கழுவ வேண்டும். முடிந்ததும் யாரும் நேராக வீட்டுக்குப் போவதில்லை, நம் அடுப்படியில் டீ குடித்து, ஜமாஅத் தலைவரை வாய்க்கு வந்தபடி திட்டிச் சிரித்துவிட்டுத்தான் கலைவோம். அந்தச் சிரிப்பு இல்லையென்றால் எவளுக்கும் தூக்கம் வராது. போன வாரம் உளுந்தூர்பேட்டையில் லாரி மோதி இறந்த ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். என்னோடு வரும் இருவரும் ஊரில் இல்லை. தலைவர் வாஹித், "இன்னா ஜுலைகா, தெரிஞ்ச வேலதான, ஒண்டியாவே முடிச்சிடு, நன்மை ஜாஸ்தி" என்றார். "அவ்ளோ நன்மைய வச்சிக்கினு நான் இன்னா பண்றது, உங்க வூட்டம்மாவுக்கும் கொஞ்சம் குடுங்க" என்று பள்ளிவாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மையத்தைக் காக்க வைப்பது பாவம் என்றார், பாதிப் பாவம் உங்களுடையது என்றேன். செத்தவளைத் தொட இவர் வீட்டுப் பெண்கள் வர மாட்டார்கள், நன்மையை அளந்து சொல்ல மட்டும் இவர். கடைசியில் அவர் மனைவி பல்கீஸ் வந்தாள். செம்பு ஒருமுறை கீழே விழுந்தது, எடுத்து மறுபடியும் ஊற்றினாள். பிறகு நம் அடுப்படியில் அழுதுவிட்டு, புருஷனை எங்களைவிடப் பிரமாதமாகத் திட்டினாள். இப்போது அவரே இன்னும் இரண்டு பெண்களைப் பழக்கச் சொல்கிறார்.

அதனால் நீயாக விலகி அந்த ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு வேலையை மிச்சப்படுத்தாதே. இரண்டாவது ஆள் வேண்டும் என்று அந்த மேலாளர் வாசலில் போய் உட்கார். அப்படியும் தரவில்லையா, விட்டுவிட்டு வா, தலைகுனிய ஒன்றுமில்லை. அல்லாஹ் உன் நெஞ்சுக்குப் பலம் தரட்டும், வேளைக்குச் சாப்பிடு. ஒரு குழந்தையைக் குளிப்பாட்டிய நாளில் தனியாகப் போய்ப் படுக்காதே, எனக்குப் போன் போடு. அந்த மேலாளர் பெயரை மட்டும் சொல், திட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அம்மா,
ஜுலைகா