மச்சான் வீட்டு ரேம்ப்

12 ஆகஸ்ட் 2006, சனி

பீர்க்கன்கரணை ஃபிளாட் வாங்க என் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை விற்க வேண்டும் என்கிறாள் சுமதி. அந்த ஃபிளாட்டில் கார் நிறுத்த இடமே இல்லை. அதைத் தேடிப் பிடித்தவன் அவள் தம்பி ரமேஷ். காருக்கு ஆள் பார்த்துத் தருகிறேன் என்பவனும் அவனேதான்.

இன்று பொழிச்சலூரில் அவன் வீட்டுக்குப் போனோம். வாசலில் புது ரேம்ப். மழைத் தண்ணீருக்குப் பயந்து வீட்டை உயர்த்திக் கட்டி, அந்தத் தெருவில் எல்லோரும் செங்குத்தாகப் போட்டிருக்கிறார்கள். இவன் மட்டும் நீளமாக, படுத்தாற்போலப் போட்டிருக்கிறான். வைத்திருப்பதோ ஸ்கூட்டர்.

"யாருக்குடா இது?"

"அப்பாவுக்கு முட்டி வலி மாமா. படி ஏற முடியல."

"உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்றாள் சுமதி.

திருப்புகிற சாக்கில் காரை அதன்மேல் ஏற்றினேன். எந்த வீட்டு வாசலிலும் அடிப்பகுதி உரசாமல் ஏறாத வண்டி, சத்தமில்லாமல் ஏறி நின்றது. ரமேஷ் கேட்டை அகலத் திறந்தான்.

"உள்ளயே விடுங்க மாமா. வெயில்ல நிக்க வேணாம்."

அந்நேரம் மாமனார் பால் வாங்கிக்கொண்டு வந்தார். காரைச் சுற்றிக்கொண்டு, பக்கத்துப் படிகளில் விறுவிறுவென ஏறிப் போனார். நான் காரைப் பின்னுக்கு எடுத்து, வீட்டுக்கே ஓட்டி வந்துவிட்டேன்.

சாவி என் தலையணைக்கடியில் இருக்கிறது. சுமதி தூங்குவதுபோலத்தான் படுத்திருக்கிறாள்.