முதலூருக்கு முதலில் வந்தவர்கள்

மைசூர்,
12.8.1994

அன்புள்ள அம்மாவுக்கு, விக்டோரியா ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. கர்த்தர் கிருபையில் நான் சுகம். உங்க கால் வீக்கம் வடிந்ததா? உப்பைக் குறைத்தீங்களா?

போன வாரம் ஆஸ்பத்திரிப் படியில் வழுக்கி, கணுக்கால் லேசாகப் பிசகிவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை, கட்டோடு நடக்கிறேன். ரூமில் படுத்திருந்தபோது, கூட இருக்கும் நர்ஸ் சில்வியாதான் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். இந்தப் பக்கத்து ஹனூர்த் தமிழ்ப்பெண். நம்ம ஊருக்கு முதலூர் என்று ஏன் பெயர் என்று கேட்டாள். நீங்க சொல்கிற மாதிரியே சொன்னேன். கிறிஸ்து வேதத்துக்கு வந்தவர்களை அவரவர் ஊரில் வாழவிடவில்லை, அவர்கள் கிளம்பி வந்து சேர்ந்து உண்டாக்கிய முதல் ஊர் என்று.

"அவங்க எல்லாம் எந்த ஊருங்கக்கா?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. நாம் அதைப் பேசினதே இல்லையே, அம்மா.

"முதலூரில் பிறந்தவள், முதலூரை விட்டு வரமாட்டேன்" என்று, என்னோடு வந்து இருக்கக் கூப்பிட்டதற்குப் பதில் எழுதியிருந்தீங்க. முதலில் வந்த பெண்களில் ஒருத்திகூட முதலூரில் பிறந்தவள் இல்லை.

சமையல்கட்டோடு ஒரு வீடு பார்த்திருக்கிறேன். நம்ம சபைக் கோயில் பக்கம்தான். வரும்போது கொஞ்சம் சில்லுக்கருப்பட்டி கொண்டுவாங்க. இங்கே குளிர் அதிகம், போர்த்திக்க உங்க பழைய நூல்சேலை ஒன்றும் வேண்டும். துவைக்க வேண்டாம்.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது. பஸ் ஏறும்போது ஊரைத் திரும்பிப் பார்த்துக்கோங்க. திரும்பிப் பார்த்து உப்புத்தூணான லோத்தின் மனைவியை நினைத்துப் பயப்படாதீங்க. முதலூருக்கு முதலில் வந்தவர்களும் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள்.

உங்க மகள்,
விக்டோரியா