குளியலறைத் தாழ்ப்பாள்

மார்ச் 3, செவ்வாய்

ரத்தத்தில் உப்பு மறுபடியும் குறைந்திருக்கிறது. போன வாரம் மாடிப்படியில் தலைசுற்றி விழுந்ததும் அதனால்தானாம். உப்பைக் குறைப்பது மனச்சோர்வுக்கென்று இருபது வருடமாக விழுங்கும் மாத்திரைதான், அதை மாற்றிவிடலாம் என்கிறார் டாக்டர். பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே புதியதை ஏற்ற வேண்டும். ஒரே சமயத்தில் இரண்டையும் மாற்றினால் எது என்ன செய்தது என்று எப்படித் தெரியும்? கேட்டேவிட்டேன்.

"சார், இது தண்ணி டெஸ்ட் இல்ல."

குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்ததை அவரிடம் சொல்லியிருக்கவே கூடாது.

மார்ச் 4

மனைவியிடம் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"விழுந்தா தூக்கி விட்டுக்கலாம். அந்த வருஷம் மாதிரி திரும்ப ஆச்சுன்னா? எனக்கும் வயசாயிடுச்சுங்க."

அந்த வருஷம் என்றால், நான் உள்ளே ஏதாவது செய்துகொள்வேனோ என்று பயந்து குளியலறைத் தாழ்ப்பாளை அவள் கழற்றி ஒளித்துவைத்த வருஷம். மகள் கல்யாணத்தின்போதுதான் திரும்ப மாட்டினோம், சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று.

மார்ச் 6

நான் இப்படிச் சாதுவாக இருப்பது சுபாவமா, மருந்தா? ஆய்வுக்கூடத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று எதுவும் கலக்காத குப்பி ஒன்றைத் தனியாக வைப்போம். மருந்து கலக்காத என்னை யாரும் எடுத்துவைக்கவில்லை.

மார்ச் 9

புதியதைத் தொடங்குமுன் பழையதை அடியோடு நிறுத்திப் பார்ப்பது என்று முடிவு. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், அதுதான் முறை. அவள் கொடுத்த மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் துப்பிவிட்டேன்.

மார்ச் 12

தலையைத் திருப்பும்போதெல்லாம் உள்ளே மின்சாரம் பாய்கிறது. போனில் மகள், "என்னப்பா, குரலே ஒரு மாதிரி இருக்கு" என்றாள். ஜலதோஷம் என்றேன்.

மார்ச் 14

செருப்பு வார் அறுந்தது. அதற்கு அழுதேன்.

மார்ச் 16

எப்படி எழுதுவது? குளிக்கப் போனவன் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்து என்ன ஆகப்போகுது — வேறு எதுவும் தோன்றவில்லை. அவள் கதவைத் தட்டியது கேட்டது. கை எழவில்லை. திட்டினாள், பிறகு கெஞ்சினாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவளும் தரையில் உட்காரும் சத்தம்.

"ஏங்க, பதில்கூட சொல்ல வேணாம். ஒரு தட்டு தட்டுங்க, போதும்."

வாளியைத் தட்டினேன்.

மார்ச் 17

டாக்டரிடம் அவளே கூட்டிப்போனாள். துப்பியதைச் சொன்னேன். இன்று அவர் சிரிக்கவில்லை. இந்த உப்பளவோடு பழையதையே தொடர்வதும் ஆபத்து. மாற்றுவதென்றால் தான் சொல்லும் முறையில்தான், இருவரும் பேசி முடிவெடுங்கள் என்றார். வீடு வரும்வரை அவள் மருந்துச் சீட்டையே படித்துக்கொண்டு வந்தாள். துப்பியவன் நானாக எப்படிப் பேச்செடுப்பேன்?

மார்ச் 19

மதியம் அவள் கண்ணயர்ந்திருந்தபோது தாழ்ப்பாளைக் கழற்றினேன். ஒரு திருகாணி துருப்பிடித்து லேசில் வரவில்லை. எழுந்து வந்தவள் கையில் எல்லாவற்றையும் கொடுத்தேன். எதற்கென்று கேட்கவில்லை. எங்கே வைப்பாய் என்று நான்தான் கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாத இடத்துல."

சாப்பாட்டுக்குப் பின் பழைய மாத்திரையில் பாதியையும் புதியதில் முதலாவதையும் உள்ளங்கையில் வைத்துக் கொண்டுவந்தாள். விழுங்கினேன். அவள் கேட்கவில்லை. நானே வாயைத் திறந்து காட்டினேன்.