மொட்டை மாடியில் நிற்கும் பையன்

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளும். கோடு போட்ட நோட்டுதான், ஆனாலும் எழுத்துகள் கோட்டில் நிற்க மாட்டேன் என்கின்றன. ஒன்று மேலே ஏறுகிறது, அடுத்தது கீழே சரிகிறது. "துள்ளுத மீனைக் கூடையில அடுக்குன மாதிரி இருக்கு அண்ணாச்சி" என்கிறார் எங்கள் முதியோர் வகுப்பு டீச்சரம்மா. இந்த ஒரு பக்கத்துக்கு எனக்கு இரண்டு காலைப் பொழுது ஆகியிருக்கிறது. விரல் வலிக்கிறது. இருந்தாலும், எனக்கு வந்த கடிதத்தையெல்லாம் வாசித்துச் சொன்ன உமக்கே இன்றைக்கு நான் கடிதம் எழுதுகிறேன் என்று நினைத்துத் தனியாக உட்கார்ந்து சிரிக்கிறேன்.

என் மடியில் நீர் தைத்த உறை இருக்கிறது. யாருடைய பேண்ட்டிலோ மிஞ்சிய சாம்பல் நிறத் துணியில், உம் மகன் அனுப்பிய டேப்லெட்டுக்கு அளவெடுத்துத் தைத்தீரே, அந்த உறை. மூக்கருகே கொண்டுபோனால் இன்னும் தையல் மிஷின் எண்ணெய் வாசனை அடிக்கிறது. டேப்லெட் இப்போது இதற்குள் இல்லை. போன மாதம் உம் வீட்டு மைனியிடம் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அந்த ஜப்பான் தொடரை நான் முடிக்கவில்லை. இனி முடிக்கப் போவதும் இல்லை.

ஆஸ்பத்திரியில் உமக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். மூக்கில் குழாய் இருந்தது. அதை ஒரு கையால் விலக்கிக்கொண்டுதான் பேசினீர்.

"கத முப்பத்தொண்ணாவது பாகத்துல நிக்குவே. மிச்சத்த நீரு பாத்துட்டு வந்து எங்கிட்ட சொல்லும்."

"எனக்கு எங்கவே வாசிக்கத் தெரியும்?"

"படியும். உவரி மீன் ஏலத்துல நிக்கத் தெரிஞ்ச ஆளுக்கு இது வராதா?"

சரி என்றேன். மூன்றாம் நாள் நீர் போய்விட்டீர். மைனி இத்தா என்று துக்கம் காத்து வீட்டுக்குள் இருந்த நான்கு மாதமும் பத்து நாளும் நான் உம் வீட்டுப் பக்கம் போக முடியவில்லை. உம் மருமகன்தான் உறையோடு டேப்லெட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். "மாமா இது ஒங்களுக்குன்னு சொல்லிட்டாங்க" என்றான். அடுத்த திங்கட்கிழமை நான் வகுப்பில் போய் உட்கார்ந்தேன்.

நாம் அதைப் பார்த்த நாட்களை நினைத்துப் பார்க்கிறேன். விடிய உவரிக்குப் போய் மீன் எடுத்து, ஏரல் தெருக்களில் விற்று முடித்து, ஆற்றில் இறங்கி ஐஸும் செதிலும் போகத் தேய்த்துக் குளித்துவிட்டு உம் தையல்கடைக்கு வருவேன். நீர் சாயங்கால அஸர் தொழுதுவிட்டு வந்திருப்பீர். மிஷின் மேல் டேப்லெட்டைச் சாய்த்து வைப்பீர். என் ஈரவிரல் பட்டால் அது வேலை செய்யாது என்று எனக்கென்றே ஒரு துணியும் வைத்திருந்தீர். நீலத் தலைமுடிக்காரப் பையன் ஒருவன். கடல் நடுவில் இருக்கும் ஒரு கோட்டைக்கு வேலைக்குப் போகிறான். அங்கே ஒற்றைக்கண் தளபதி. பேச்சு முழுக்க ஜப்பான் மொழி. கீழே தமிழில் எழுத்து ஓடும். நீர் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு அதை எனக்கு வாசிப்பீர்.

பையன் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவன் அம்மா வாசலில் நிற்பாள். நீர் வாசித்தீர்: "ஏலே, போறதுதான் போற, ரெண்டு வாய் தின்னுட்டுப் போ. அங்கன யாரு ஒனக்கு ஆக்கி வைக்கப் போறா?" ஜப்பான்காரி என்றாலும் பெற்றவள் பெற்றவள்தான் என்று நினைத்தேன்.

கோட்டைக்குப் போனதும் ஒற்றைக்கண்ணன் கை நீட்டினான். நீர் வாசித்தீர்: "பாஸ்போர்ட்ட இங்க குடு. போகும்போது வாங்கிக்கிடலாம்." அங்கேயும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பார்களா என்று கேட்டேன். "எல்லா ஊர்லயும் மொதலாளி மொதலாளிதாம்வே, கதையக் கேளும்" என்றீர்.

இருபத்தொன்பதாவதில் பையன் சுவரோரம் உட்கார்ந்து அழுதான். "வாப்பா மவுத்தாயிட்டாகன்னு எனக்கு நாலாம் நாள்தான் சொன்னாக. பாஸ்போர்ட்டக் கேட்டேன், தரல. காலப் புடிச்சேன், தரல" என்று வாசித்தீர். நான் சிரித்தேன். "அவன் என்னவே, அப்பாவ வாப்பாங்கான்? நம்ம ஏரல் பயலா?" கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் ரொம்ப நேரம் துடைத்தீர். அன்றைக்கு வேறு எதுவும் பார்க்கவில்லை.

முப்பத்தொன்றில் அவன் மொட்டை மாடியில் நின்று கடலைப் பார்த்தான். "அந்தப் பக்கந்தான் ஊரு. இங்கன இருந்து பாத்தா தெரியாது. தெரியாதுன்னு தெரியும். ஆனாலும் தெனமும் ஏறி வந்து நிக்கேன்." அதுதான் நீர் எனக்கு வாசித்த கடைசி வரி.

வகுப்பில் சேர்ந்து ஏழு மாதம் கழித்துத்தான் எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வந்தது. முதலில் பஸ் போர்டு. சாத்தான்குளம் என்று வாசித்துவிட்டு, அந்த பஸ் அந்த ஊருக்குத்தான் போகிறதா என்று கண்டக்டரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். அப்புறம் மருந்துச் சீட்டு, கல்யாணச் சுவரொட்டி, சோப்பு உறை. கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்தேன். எழுபத்திரண்டு வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அப்புறம்தான் டேப்லெட்டை எடுத்தேன். பழகிக்கொள்வோம் என்று முதலிலிருந்தே ஆரம்பித்தேன். அம்மா வாசலில் நின்றாள். படத்தை நிறுத்தினேன். கீழே ஒரே ஒரு சொல்தான் இருந்தது. "போகாதே." சோறு எங்கே, ஆக்கி வைப்பது எங்கே என்று மேலும் கீழும் தேடினேன். எனக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை என்று நினைத்து, மறுநாள் வகுப்புக்கே கொண்டுபோய்க் காட்டினேன். டீச்சரம்மா பார்த்துவிட்டு, "போகாதேன்னு மட்டுந்தான் இருக்கு அண்ணாச்சி. நீங்க சரியாத்தான் வாசிச்சிருக்கிய" என்றார்.

ஒற்றைக்கண்ணன் கை நீட்டிய இடத்தில், "உன் வாளை ஒப்படை" என்று இருந்தது. பையன் அழுத இடத்தில், "என் ஆசான் வீழ்ந்துவிட்டார். பழி தீர்ப்பேன்" என்று இருந்தது. வாப்பாவும் இல்லை, நாலாம் நாளும் இல்லை. மொட்டை மாடியில், "காற்று திசை மாறுகிறது. தயாராக இரு." அவ்வளவுதான்.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. நீர் சவூதியில் இருந்த பதினோரு வருஷத்தைப் பற்றி ஊரில் யாரிடமும் பேசினதில்லை. என்னிடமும் பேசினதில்லை. கேட்டால், "வெயிலுவே, வேற என்ன" என்று முடித்துவிடுவீர். அதையெல்லாம் நீலமுடிக்காரன் வாயில் வைத்து என் முன்னால் கொட்டியிருக்கிறீர். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து கடலை தின்றுகொண்டு கேட்டிருக்கிறேன்.

அப்படியும் வாக்கு வாக்குதானே என்று மேலே பார்த்தேன். முப்பத்திரண்டாவதில் மாடியில் நின்ற பையன் குதித்துச் சண்டை போட ஆரம்பித்தான். முப்பத்தொன்பதிலும் அதே சண்டைதான். அடிப்பதற்கு முன்னால் அடியின் பெயரைக் கத்துகிறார்கள். அடி விழுந்த பிறகு, விழுந்தது எப்படி என்று விளக்கம் சொல்கிறார்கள். நான் ஒவ்வொரு வரிக்கும் படத்தை நிறுத்தி எழுத்துக் கூட்டி வாசித்தால், "என்ன வேகம்!" என்று இருக்கும். அடுத்ததை வாசித்தால், "நம்பவே முடியவில்லை!" என்று இருக்கும். ஒரு நாள் முழுக்க வாசித்து இதுதான் மிச்சம். கண்ணில் நீர் வடிந்தது, கழுத்து பிடித்துக்கொண்டது. செத்தவன் ஒருவன் இரண்டு தடவை திரும்பி வந்தான். எனக்கு அலுப்பாக இருந்தது.

ஊரில் சின்னவர்களெல்லாம் அதைத்தான் கொண்டாடுகிறார்கள். முடிவெட்டும் கடையில் அவன் படம், சட்டையில் அவன் முகம். சாத்தான்குளம் பஸ் கண்டக்டர் என் மடியில் அது ஓடுவதைப் பார்த்துவிட்டார்.

"பெரியவரே, நீங்களும் பாக்கியளா? எத்தனாவது?"

"நாப்பத்தாறு. இந்தக் கார்ட்டூன் எப்பம்யா நல்லாருக்கும்?"

"கார்ட்டூன்னு சொல்லாதீங்க, அனிமே. ஐம்பதுல இருந்துதான் சூடு பிடிக்கும்."

ஐம்பதும் வந்தது. சூடு பிடிக்கவில்லை. திரும்ப அவரிடமே கேட்டேன். "எழுவதத் தாண்டுங்க, அழுதுருவீங்க" என்றார். எனக்கே எழுபது தாண்டியாயிற்று, இன்னும் எத்தனையைத் தாண்ட என்று கேட்டுவிட்டு இறங்கினேன். அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கு அதில் ஏதோ கிடைக்கிறது. எனக்குக் கிடைத்ததெல்லாம் உம் குரலில் வந்தது. குரல் போன பிறகு அந்தப் பையனுக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஐம்பத்தெட்டில் நிறுத்திவிட்டேன். அப்புறம் மூன்று வாரம் உம் வீட்டுத் தெருவுக்கே மீன் கொண்டுபோகவில்லை. பார்த்து முடித்தாயிற்றா என்று மைனி கேட்டால் என்ன சொல்ல? போன மாதம்தான் துணிந்து போனேன்.

"முடிக்கல மைனி. என்னால ஏலல. ஐம்பத்தெட்டோட விட்டுட்டேன்."

"அதுக்கு ஏன் அண்ணாச்சி இப்படி நிக்கிய? விட்டா விட்டுட்டுப் போங்க" என்றாள். பிறகு, "அவுக ஒங்ககூட ஒக்காந்து அதுல என்னத்தத்தான் பாத்தாக? எங்கிட்ட கதைன்னு ஒண்ணும் சொன்னதில்லையே" என்றாள்.

சொல்வதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. சொன்னேன். பாஸ்போர்ட்டைச் சொன்னேன். காலைப் பிடித்ததைச் சொன்னேன். மாடியில் ஏறி நின்றதைச் சொன்னேன். மைனி அழவில்லை. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு சுவரையே பார்த்தாள். "வாப்பா மய்யித்துக்கு வரலன்னு பதினஞ்சு வருசம் நானே குத்திக் காமிச்சிருக்கேன்" என்றாள், பைய.

பேச எனக்கு என்ன யோக்கியதை? உம் வாப்பாவைத் தூக்கிப்போன சந்தூக்குக்குப் பின்னால் கபர்ஸ்தான் வரை நடந்தவன் நான். எட்டு மாதம் கழித்து நீர் ஒரே ஒரு பெட்டியோடு ஏரல் பஸ் ஸ்டாண்டில் இறங்கினபோது, மீன்கூடைச் சைக்கிளோடு அங்கே நின்றவனும் நான்தான். வந்தீரா, சுகமா என்று நான் கேட்கவில்லை. "ஒரு பிடி மண்ணு போட வரலியேவே. அப்படி என்னவே சம்பாத்தியம்?" என்று கேட்டேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நீர் பெட்டியைக் கீழே வைத்தீர். "மீன் இருக்காவே? வெறுங்கையோட வீட்டுக்குப் போக முடியாது" என்றீர். மிச்சமிருந்த சாளையைக் கட்டிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு முப்பது வருஷம் சேர்ந்து டீ குடித்தோம். அந்தப் பேச்சை நீரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. கடைசியில் ஒரு ஜப்பான்காரப் பையனைக் கொண்டுவந்து நடுவில் உட்கார வைத்துத்தான் உம்மால் எனக்குப் பதில் சொல்ல முடிந்திருக்கிறது.

கிளம்பும்போது மைனி டேப்லெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு உறையை என்னிடமே கொடுத்துவிட்டாள். "அவுக சொன்னத எழுதுங்க அண்ணாச்சி. இப்பத்தான் ஒங்களுக்கு எழுத வருதே. பிள்ளைகளுக்குத் தெரியட்டும்" என்றாள்.

உறைக்குள் இப்போது இந்த நோட்டைத்தான் வைத்துக்கொள்கிறேன். அளவு கொஞ்சம் பெரிது, நோட்டு உள்ளே ஆடுகிறது. நீர் வாசித்த முப்பத்தொன்றையும் நீர் வாசித்தபடியே எழுதப் போகிறேன். சோறு, பாஸ்போர்ட், நாலாம் நாள், எல்லாம் அப்படியே. என் கை போகிற வேகத்துக்கு எத்தனை மாதம் ஆகுமோ தெரியாது. அதனால் முடிவை மட்டும் முதலிலேயே எழுதி வைத்துவிட்டேன். அது நான் சேர்த்தது. நீரும் சேர்த்தவர்தானே, ஒன்றும் சொல்ல முடியாது.

நீலமுடிக்காரப் பையன் மொட்டை மாடியிலிருந்து படி இறங்குகிறான். அடுத்து ஏரல் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெட்டியோடு இறங்குகிறான். அங்கே ஒரு மீன்காரன் சைக்கிளோடு நிற்கிறான். அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பெட்டியை வாங்கிக் கூடைக்கு மேலே வைத்துக் கட்டுகிறான். "வாரும்வே, மொதல்ல வாப்பாவப் பாத்துட்டு வருவோம்" என்று கபர்ஸ்தான் பக்கமாகச் சைக்கிளை உருட்டுகிறான்.

மிச்சத்தை வந்து சொல்லும் என்றீரே. அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு கபர்ஸ்தானுக்கு உம்மிடம் வருகிறேன். முதல் நாலு பக்கமாவது எழுதிக் கொண்டுவருவேன். இந்தத் தடவை நான் வாசிக்கிறேன், நீர் கேளும்.