உன் கட்டிலுக்கடியில் இருந்த மணல்

இன்று காலை மந்தைவெளி வீட்டில் குழாய் ஒழுகலை அடைக்க வந்தவர் பிசினைப் பிசைந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இன்னாம்மா, மூஞ்சி செவந்துகினு கீது?” என்றார். செத்துப்போன தோழி மேல் கோபம் என்று அவரிடம் எப்படிச் சொல்ல?

நம் கல்லூரி ஆய்வகத்தில் மணல் டப்பாக்களின் மூடியைச் சுற்றி இதே பிசினைத்தான் பூசுவாய். கல், மண், கிணற்றுத் தண்ணீர் எல்லாவற்றிலும் இயற்கையாகவே கொஞ்சம் கதிரியக்கம் உண்டு. மணலில் அதைச் சரியாக அளக்க வேண்டுமானால், உள்ளே உண்டாகும் வாயு வெளியேறாமல் ஒரு மாதம் மூடி வைக்க வேண்டும். நம் உயிரை எடுத்தது அந்த ஒரு மாதம்தான்.

சாந்தோம் கரை மணலில் கதிர்வீச்சு, அதில் காயும் கருவாடும் விஷம் என்று எவனோ வாட்ஸ்அப்பில் கிளப்பிவிட்டான். எனக்கு வழக்கமாகக் கருவாடு தரும் அக்கா ஆய்வகத்துக்கே வந்து நின்றார். “ஒரு கருவாடு போவலம்மா. மண்ணுல ஒண்ணும் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க.” சொல்லித் தொலையேன் என்று நானும்தான் கெஞ்சினேன். நீ அசையவில்லை.

“அளக்காமலே இருக்குன்னான் அவன். அளக்காமலே இல்லைன்னா, அவனுக்கும் எனக்கும் என்னடி வித்யாசம்? ஒரு மாசம் பொறுத்துக்கச் சொல்லு.”

அன்றே அவரோடு போய் மணல் அள்ளி வந்தாய். ஆய்வகத்தில் வெள்ளையடிக்கிறார்கள் என்று டப்பாக்களை உன் மயிலாப்பூர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்கடியில் வைத்தாய். மாதம் முடிவதற்குள் தூக்கத்திலேயே போய்விட்டாய். மாரடைப்பு என்றார் டாக்டர். உன் அண்ணனுக்கு அது போதவில்லை. “அந்த மண்ணை அடியில வெச்சுண்டு படுத்துண்டா வேறென்ன ஆகும்?” என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். டப்பாக்களைக் குப்பை வண்டியில் ஏற்றியும் விட்டார். சாவு வீடென்றும் பார்க்காமல் கத்தினேன். என்னைத்தான் பிடித்து வெளியே உட்கார வைத்தார்கள்.

அக்காவும் நானும் மறுபடி மணல் அள்ளினோம். மறுபடி ஒரு மாதம் காத்திருந்தோம். அளந்து பார்த்தால், எந்த ஊர் மண்ணிலும் இருப்பதுதான் அதிலும் இருந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன். அக்கா சிரிக்கக்கூட இல்லை. “இப்ப சொல்லி இன்னாத்துக்கும்மா? நான் கோட்டூர்புரத்துல வீட்டு வேலைக்குப் போய்க்கினு கீறேன்.” வதந்தியை ஊரெல்லாம் அனுப்பியவர்களில் ஒருவர்கூட இதை அனுப்பவில்லை. அவர்கள் மேலும் கோபம், உன் அண்ணன் மேலும் கோபம். பாதியில் போன உன் மேல் எல்லாவற்றையும்விடக் கோபம்.

போன வாரம் உன் புத்தகங்களை எடுத்துப்போகச் சொல்லி உன் அண்ணன் கூப்பிட்டார். உன் அறை முழுக்கப் பளபளவென்று கருங்கல் தரை. “கிரானைட்! எப்படி இருக்கு?” என்றார் பெருமையாக. மணலைவிடக் கருங்கல்லில் பொதுவாகக் கதிரியக்கம் கூடுதல். அதனால் ஆபத்து ஒன்றும் கிடையாது. ஆனால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், மனுஷர் அந்தத் தரையில் கால் வைத்திருக்க மாட்டார். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

அந்தக் கல்லை நான் அளக்கவில்லையே.

“நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டு வந்தேன். படுபாவி, பழிவாங்கக்கூட லாயக்கில்லாதவளாக என்னை ஆக்கிவிட்டுப் போயிருக்கிறாய்.