பனைமுனை பிக்கப் வண்டியின் மூக்கைத் தாழ்த்தச் சொன்ன உத்தரவு குறித்து

அனுப்புநர்:
மு. காலிதா பீவி,
காலஞ்சென்ற முஹைதீன் சாகிபு மனைவி,
பனைமுனை, கீழக்கரை வழி,
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மோட்டார் வாகனத் தகுதிச் சான்று மேலதிகாரி அவர்கள்,
இராமநாதபுரம் மாவட்டம்.

பொருள்: எங்கள் பிக்கப் வண்டியின் முன்பக்கத்தை இறக்கி, பெரிய டயர்களைக் கழற்றும்படி இட்ட உத்தரவை நிறுத்திவைத்து, தாங்களே வண்டியில் ஏறிப் பார்த்து முடிவு சொல்லக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் விட்டுச்சென்ற பிக்கப் வண்டி ஒன்று இப்போது என் பெயரில் இருக்கிறது. சென்ற மாதம் எப்.சி. வாங்குவதற்காக எங்கள் டிரைவர் கூத்தையா அதை இராமநாதபுரம் கொண்டுவந்தார். புதிதாக மாற்றலாகி வந்திருக்கும் இன்ஸ்பெக்டர் ஐயா முன்பக்க உயரத்தை அளந்தார். டயர்களை அளந்தார். பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டார். இரண்டும் ஒத்துவரவில்லை என்றும், வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தால்தான் சான்று என்றும், அதுவரை ரோட்டில் ஓடக்கூடாது என்றும் எழுதிக் கொடுத்துவிட்டார். அன்று முதல் வண்டி கொட்டகையில் நிற்கிறது.

2. இன்ஸ்பெக்டர் ஐயா மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் சட்டப்படி நடந்தார். கூத்தையாவை உட்காரச் சொல்லி மரியாதையாகத்தான் பேசினாராம். என் மனக்குறை ஒன்றே ஒன்று. அவர் வண்டியை அளந்தார், ஏறவில்லை. சோற்றைத் தராசில் நிறுத்துவிட்டு ருசி சொன்னால் சமைத்தவளுக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான் எனக்கும் இருக்கிறது. அந்த வண்டி ஏன் அப்படி நிற்கிறது என்பதைத் தங்களுக்கு முதலிலிருந்து சொல்லியாக வேண்டும். கொஞ்சம் நீளும், பொறுத்தருள வேண்டும்.

3. பனைமுனையிலிருந்து தார் ரோட்டுக்கு வர வேண்டுமானால் மணல்காட்டைக் கடக்க வேண்டும். மாட்டுவண்டியே பெருமூச்சு விடும் மணல். என் கணவருடைய வாப்பா தோணி வைத்துக் கொழும்புக்குக் கருவாடும் ஓடும் ஏற்றியவர். என் கணவருக்கு ஏனோ கடலைவிடக் கரைமேல்தான் ஆசை. யுத்தம் முடிந்து பட்டாளத்து வண்டிகளை மதுரையில் ஏலம் விட்டபோது, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் போய் இந்த பிக்கப்பை எடுத்துவந்தார். நாடு சுதந்திரம் அடைந்த வருஷம் அது. தெருவே திரண்டு நின்று வேடிக்கை பார்த்தது. நாங்கள் பெண்கள் சன்னல் இடுக்கால் பார்த்தோம். பெட்ரோல் வாடை அத்தர் வாடையைப்போல எங்கள் முற்றத்தில் நின்றது. அந்த நாள் இப்போது நினைத்தாலும் இனிக்கிறது.

4. பின்னால் தட்டி கட்டி, திரை போட்டு, பெண்கள் உட்காரப் பாய் விரித்துக் கொடுத்தார். ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கு நாங்கள் அதில்தான் போனோம். ஆனால் அந்த வண்டிக்கு ஒரு குணம். பாரம் ஏற்றுவதற்கென்று செய்ததால் வெறும் வண்டியில் பின்பக்கம் உயர்ந்தும் முன்பக்கம் தாழ்ந்தும் நிற்கும். தொழுகையில் ருக்கூவுக்குக் குனிந்தது போலிருக்கும். பாயில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் சறுக்கிச் சறுக்கி, டிரைவர் முதுகுப் பலகையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போய் ஒட்டிக்கொள்வோம். ஏர்வாடி போய்ச் சேரும்வரை சிரிப்பு அடங்காது. அதைக் குறையாகவே யாரும் நினைக்கவில்லை.

5. மறு வருஷம் ஐப்பசியில் அது குறையாயிற்று. எனக்கு முதல் பிரசவம். வலி எடுத்து இராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் மணல்காட்டின் நடுவே வண்டி சிக்கிக்கொண்டது. ஒல்லி டயர்கள் மணலுக்குள் இறங்கின. தாழ்ந்த மூக்கு மணலை உழுதது. என்னைக் கீழே இறக்கி மணலில் படுக்கவைத்துவிட்டு வண்டியைத் தள்ளினார்கள். வண்டி ஏறி வந்தது. பிள்ளை உயிரோடு வரவில்லை. ஆண் பிள்ளை, ஐயா. என் கணவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். “அடுத்த தடவ ஒன்னய மணல்ல எறக்க மாட்டேன் காலிதா. இது அல்லா மேல ஆணை” என்றார். அழகுக்காகவோ ஆடம்பரத்துக்காகவோ அந்த மூக்கு உயரவில்லை என்பதைத் தாங்கள் அறிய வேண்டும்.

6. ஆணை இட்டுவிட்டாரே தவிர வழி தெரியவில்லை. தோணிக்காரர் பிள்ளை அல்லவா? அணியம் தாழ்ந்தால் அமரத்தில் பாரம் வை என்பது அவர்கள் வீட்டுப் பாடம். தோணியின் முன்முனை அமிழ்ந்தால் பின்பக்கம் சுமை ஏற்றிச் சமன் செய்வார்கள். அதன்படி வண்டியின் வாலில் மணல்மூட்டைகளை அடுக்கினார். வண்டி தண்ணீர்ப்பானை வைத்த மாதிரிச் சமமாக நின்றது. பெருமை தாங்கவில்லை அவருக்கு. மணலில் இறக்கியதும் நான்கு சக்கரமும் சேர்ந்தே புதைந்தன. கூத்தையா அப்போது சிக்கல் கிராமத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருந்தார். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, “மொதலாளி, இது தோணி இல்ல, லாரி. பாரம் ஏத்துனா உள்ளதான் போகும்” என்றாராம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவரும் என் கணவர்தான்.

7. அடுத்ததாக, வண்டியை வில்போல் வளைந்து தாங்கும் முன்பக்கக் கமான் பட்டைகளோடு கூடுதலாகப் பட்டைகளைச் சேர்த்துக் கட்டினார்கள். மூக்கு உயர்ந்தது. பெரிய டயர்களும் வாங்கி மாட்டினார்கள். மணலை வண்டி அலட்சியமாகத் தாண்டியது. ஆனால் தூக்கித் தூக்கிப் போட்டது. அந்தச் சமயத்தில் கீழக்கரைக் கல்யாணம் ஒன்றுக்குச் சீர் ஏற்றிப் போகும்படி ஆயிற்று. எங்கள் பக்கத்துச் சீர்த்தட்டில் வட்டலப்பம் இல்லாமல் இருக்காது. முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து ஆவியில் வேகவைத்த பண்டம். தொட்டால் நடுங்கும். அது முழுசாகப் போய்ச் சேர வேண்டும். விரிசல் விட்டால் பெண்வீட்டாரின் கைப்பக்குவத்தையே சம்பந்திகள் குறை சொல்வார்கள். அன்றைக்குத் திரையை விலக்கித் தட்டைத் திறந்தால் உள்ளே எல்லாம் கூழாகிக் கிடந்தது. மாப்பிள்ளையின் பெரியம்மா ஒருத்தி, “ஏம்புள்ள, இது வட்டலப்பமா, நோம்புக் கஞ்சியா?” என்று கேட்டுவிட்டாள். கூத்தையா அந்த வீட்டுச் சாப்பாட்டைக் கூடத் தொடாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

8. அன்று மாலை என் கணவரும் கூத்தையாவும் வண்டியைப் பார்த்தபடி வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளிருந்து நான்தான் கேட்டேன். “மச்சான், தொய்ஞ்ச கட்டிலுக்குக் கயித்த இழுத்துக் கட்டுவாகளா, மேல பலகையப் போடுவாகளா? பலகையப் போட்டா ஒசரும், முதுகு என்னத்துக்காகும்?” சும்மா வாயில் வந்ததைத்தான் சொன்னேன். என் கணவர் எழுந்து நின்றுவிட்டார். மறுநாளே சேர்த்த பட்டைகளை எல்லாம் கழற்றினார்கள். வண்டியோடு வந்த பழைய பட்டைகளையே கொல்லன் உலையில் காய்ச்சி, தொய்ந்துபோன வளைவைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பட்டைக்குப் பட்டை நடுவே கிரீஸ் தடவினார்கள். பட்டை மாறாததால் வண்டியின் மெத்தென்ற ஓட்டமும் மாறவில்லை. மூக்கு மட்டும் நிமிர்ந்தது. சமம் ஆகிற அளவோடு நிறுத்திக்கொண்டார்கள். அதற்குமேல் ஒரு விரல்கூட ஏற்றவில்லை.

9. இன்ஸ்பெக்டர் ஐயாவுக்கு வரக்கூடிய சந்தேகங்கள் எல்லாம் என் கணவருக்கும் வந்தவையே. முன்பக்கம் உயர்ந்தால் ஸ்டியரிங் நேரே திரும்பாமல் அலையும் என்று அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்பு ஆப்பு வைத்தார். பிரேக் ரப்பர் குழாய் இழுபடாமல் இருக்க நீளமான குழாய் போட்டார். பெரிய டயர் திருப்பத்தில் மட்கார்டில் உரசியது. உரசிய ஓரத்தை அறுத்து மழுக்கி, சக்கரம் அளவுக்கு மேல் திரும்பாமல் கட்டை வைத்தார். எதிரே வருபவர் கண் கூசாதபடி முன்விளக்கைத் தாழ்த்தித் திருப்பினார். டயர் பெரிதானதால் வேகமுள் குறைத்துக் காட்டும் என்பதும் உண்மைதான். அதற்கு வேகமுள்ளின் கண்ணாடியில் சிவப்புக் கோடு போட்டு, முள் அதைத் தாண்டக்கூடாது என்று கூத்தையாவுக்குச் சொல்லிவைத்தார். எங்கள் ரோட்டில் அந்தக் கோட்டைத் தொடும் வேகத்துக்கு வழியே இல்லை என்பது வேறு விஷயம். மணல் தொடங்கும் இடத்தில் டயரில் காற்றைக் குறைப்பார்கள், தார் ரோட்டில் ஏறியதும் கைப்பம்பால் அடித்து நிறைப்பார்கள். இன்றும் கூத்தையா அதைத் தவறவிட்டதில்லை. புத்தகத்தில் இவற்றை எழுதி வாங்காமல் விட்டது மட்டுமே எங்கள் தரப்பில் உள்ள பிழை. முன்பிருந்த அதிகாரிகள் வண்டியை ஓட்டிப் பார்த்துச் சான்று கொடுத்துவந்ததால் அதன் அவசியம் எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

10. மாற்றிய வண்டியில் முதலில் ஏற்றியது வட்டலப்பம். அந்தக் கீழக்கரைச் சம்பந்தி வீட்டுக்கே என் கணவர் வீம்புக்கு ஒரு தட்டு அனுப்பினார். நடுக்கம் மாறாமல் முழுசாகப் போய்ச் சேர்ந்தது. கஞ்சி என்று சொன்ன பெரியம்மா இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தின்றாளாம். அடுத்து ஏற்றியது என்னை. இரண்டாம் பிரசவம். திரைக்குள் படுத்தபடி மணல்காடு எப்போது வரும், எப்போது வரும் என்று பயந்துகொண்டே இருந்தேன். “தாண்டியாச்சு தாயீ, தார் ரோட்டுக்கு வந்துட்டோம்” என்று கூத்தையாவின் குரல் கேட்டபோதுதான் மணல் பின்னால் போய்விட்டது தெரிந்தது. ஆஸ்பத்திரியில் என் மகள் நூர் நிஷா பிறந்தாள். அவளுக்குப் பின் எங்கள் முனையில் எத்தனையோ பெண்கள் இந்த வண்டியில் போய்ப் பிள்ளையோடு திரும்பினார்கள். மரைக்காயர் வீடு என்றும் மீன்காரர் வீடு என்றும் என் கணவர் பேதம் பார்த்ததில்லை. புயல் அடித்த வருஷம் கஞ்சிப்பானைகளும் இதில்தான் போயின.

11. என் கணவர் மவுத்தாகி மூன்றாவது வருஷம் நடக்கிறது. அவர் சட்டையைக்கூட ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டேன். இந்த வண்டியை மட்டும் அவர் நிறுத்திய மாதிரியே வைத்திருக்கிறேன். கொட்டகைப் பக்கம் போகும்போதெல்லாம் அது நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தால் அவரே நிற்பதுபோல ஒரு தெம்பு. அதைக் குனியவைக்கச் சொல்கிறீர்களே என்று எனக்கு மனசு வெந்துபோகிறது. இது சட்டத்துக்குப் பொருந்தாத பேச்சு என்பது தெரிந்துதான் எழுதுகிறேன்.

12. சட்டத்துக்குப் பொருந்தும் பேச்சு இனிமேல் வருகிறது. நூர் நிஷாவுக்கு இது நிறைமாதம். எங்கள் வழக்கப்படி அவள் என் வீட்டில்தான் இருக்கிறாள். பனைமுனையில் வேறு மோட்டார் கிடையாது. கீழக்கரை டாக்ஸிக்காரர்கள் தார் ரோட்டோடு நின்றுவிடுகிறார்கள், மணலில் இறங்க மாட்டோம் என்கிறார்கள்.

13. எனவே தாங்கள் கருணைகூர்ந்து பனைமுனைக்கு ஒருமுறை வர வேண்டும். இன்ஸ்பெக்டர் ஐயாவையும் அழைத்துவாருங்கள். பெண்கள் உட்காரும் பின்பக்கத்தில், பாயில், தாங்கள் உட்கார வேண்டும். மடியில் ஒரு தட்டு வட்டலப்பம் வைப்பேன். மணல்காட்டைத் தாண்டி ரோடு வரைக்கும் கூத்தையா ஓட்டுவார். வட்டலப்பத்தில் ஒரு கீறல் விழுந்திருந்தாலும், தாங்கள் ஒரு சாண் சறுக்கியிருந்தாலும், முன்பக்கத்தை அன்றைக்கே இறக்கிக் கொடுத்துவிடுகிறேன். இரண்டும் நேராவிட்டால் இப்போதுள்ள உயரத்தையும் டயர் அளவையும் புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிட்டுத் தர வேண்டுகிறேன். இதைக் கைக்கூலி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். சோதனை முடிந்ததும் தட்டை அப்படியே என் வீட்டுக்கு எடுத்துப்போய்விடுவேன்.

14. தங்கள் வருகைக்கு முன்னமேயே என் மகளுக்கு வலி கண்டுவிட்டால், சான்று இல்லாமலே வண்டி புறப்படும். கூத்தையா மீது குற்றம் ஏதும் இல்லை, சாவி என் கையில்தான் இருக்கிறது. வழக்கோ அபராதமோ என் பெயரில் போட்டுக்கொள்ளுங்கள். அவளை மணலில் இறக்க மாட்டேன், ஐயா.

இடம்: பனைமுனை
நாள்: 12-8-1967

வண்டியோடு தங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
மு. காலிதா பீவி